பண்ணைக்குட்டைக்கு ஷீட்: எதை வாங்குவது, எப்படி விரிப்பது

பண்ணைக்குட்டைக்குப் பிளாஸ்டிக் ஷீட் போட நினைக்கும் ஒரு விவசாயியின் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காங்கேயம் பக்கம், சரளை கலந்த செம்மண் தோட்டம். இரண்டு ஏக்கர் முருங்கை. போர்வெல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊறுகிறது. அதைக் குட்டையில் சேர்த்து வைத்துச் சொட்டுநீரில் விடலாம் என்று 20 மீட்டருக்கு 20 மீட்டர், 3 மீட்டர் ஆழத்தில் வெட்டியாகிவிட்டது. விட்ட தண்ணீர் சில நாட்களில் மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. ஒரு கடைக்காரர் 300 ஜி.எஸ்.எம். (எடை அளவு) ஷீட் தாராளம் என்கிறார், இன்னொருவர் 500 மைக்ரானுக்கு (தடிமன் அளவு) குறைந்து தொடவே வேண்டாம் என்கிறார். எதை வாங்குவது? ஆள் வைத்து நாமே விரித்துக்கொள்ளலாமா?

300ஆ 500ஆ என்று மட்டும் கேட்டால் 500 என்று சொல்லிவிடுவேன். ஆனால் ஷீட் கெட்டுப்போகும் குட்டைகளில் பெரும்பாலும் காரணம் ஷீட்டின் கனம் இல்லை. அடியில் விட்ட கல், சரியாக இறுக்காத கரை, ஓரத்தைப் புதைத்த விதம் இந்த மூன்றும்தான். 500 மைக்ரான் ஷீட்டைக் கூர்கல்லின் மேல் போட்டு, மேலே இரண்டரை மீட்டர் தண்ணீர் நிறுத்தினால் அதுவும் பொத்தல் விழும். அதனால் மண் வேலைக்கு இரண்டு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள், அதற்குக் கொஞ்சம் பணமும் எடுத்து வையுங்கள்.

முதலில் எவ்வளவு தண்ணீர் கசிகிறது என்று பார்த்துவிடுங்கள். ஒரு பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி, அடியில் ஒரு கல்லைப் போட்டு, குட்டை ஓரத்தில் முக்கால்வாசி தண்ணீருக்குள் நிற்கும்படி வையுங்கள். பக்கெட்டின் உள்ளே ஒரு குறி, வெளியே குட்டையின் மட்டத்துக்கு ஒரு குறி. 24 மணி நேரம் கழித்து, மழையும் இல்லாமல் மோட்டாரும் ஓடாமல் இருந்தால், பக்கெட்டுக்குள் குறைந்தது ஆவியாகப் போனது. குட்டையில் அதைவிட அதிகமாக எவ்வளவு குறைந்ததோ அதுதான் கசிவு. சரளை கலந்த செம்மண்ணில் இந்த வித்தியாசம் பெரிதாகத்தான் இருக்கும், ஷீட் தேவைப்படும். கோவில்பட்டி, அருப்புக்கோட்டை போன்ற கரிசல் பூமியில் இருப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஷீட் வாங்கக் கூடாது. அந்த மண் ஈரத்தில் உப்பித் தானே அடைத்துக்கொள்ளும், பல இடங்களில் ஷீட்டே வேண்டாம். கிணற்றுக்கு ஊற்று கூடட்டும் என்று வெட்டிய குட்டையிலும் ஷீட் போடக் கூடாது. கசிந்தால்தானே கிணற்றுக்குப் போகும்?

அப்புறம் தண்ணீர்க் கணக்கு. 20 × 20 × 3 என்றால் 1,200 கன மீட்டர், அதாவது 12 லட்சம் லிட்டர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கரை சரிவாக வருவதால் அவ்வளவு நிற்காது. ஒன்றுக்கு ஒன்றரை சரிவு வைத்தால், 3 மீட்டர் இறங்குவதற்குள் ஒவ்வொரு பக்கமும் 4.5 மீட்டர் உள்ளே வந்துவிடும். அடித்தளம் 11 × 11 மீட்டர்தான். விளிம்பு வரை நிரப்பினாலும் சுமார் 7.4 லட்சம் லிட்டர். மேலே அரை மீட்டர் காலியாக விடவேண்டும் என்பதால் நீங்கள் உண்மையில் நிறுத்தப்போவது ஏறக்குறைய 5.5 லட்சம் லிட்டர். ஷீட் கசிவைத் தடுக்கும், ஆவியாவதைத் தடுக்காது. நம் பக்கத்துக் கோடையில் ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், நிறைந்த குட்டையின் மேற்பரப்பிலிருந்து தினமும் 2,000 லிட்டர் போய்விடும். மரங்களுக்குத் தினமும் 12,000 லிட்டர் விட்டால், போர் முழுதாக நின்றுபோன நிலையில் இந்தக் குட்டை ஏறக்குறைய 40 நாள் தாங்கும். ஷீட்டுக்குச் செலவு செய்வதற்கு முன் அந்த 40 நாள் உங்கள் முருங்கைக்குப் போதுமா என்று யோசியுங்கள். வாய்க்கால் வெட்டி ஓடுதண்ணீரைத் திருப்பாமல், குட்டையின் வாய்மேல் விழும் மழையை மட்டும் நம்பினால் வருடம் 600 மில்லிமீட்டர் பெய்தாலும் 2.4 லட்சம் லிட்டர்தான் சேரும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மகாராஷ்டிராவில் திராட்சை, மாதுளைத் தோட்டங்களில் ஷீட் போட்ட குட்டைகள் ஏராளமாக வந்தன. மழைத் தண்ணீருக்கு என்று தொடங்கியவை பல இடங்களில் நிலத்தடி நீரை இறைத்து நிரப்பும் தொட்டிகளாக மாறி, ஊர்க் கிணறுகள் சீக்கிரம் வற்றுகின்றன என்ற புகார் அங்கே பெரிதாகவே எழுந்திருக்கிறது. உங்கள் தோட்டத்தில் போர் தண்ணீரைச் சேர்க்கிறீர்கள், சரி. ஆனால் மழைக்காலத்தில் ஓடும் தண்ணீரைக் குட்டைக்குள் திருப்ப ஒரு வழி இப்போதே வைத்துவிடுங்கள். போருக்கும் ஓய்வு கிடைக்கும், பக்கத்துத் தோட்டக்காரருக்கும் நல்லது.

இனி ஷீட். கடையில் மூன்று வகை காட்டுவார்கள். ஒன்று தார்ப்பாய் வகை, 100, 200 ஜி.எஸ்.எம்.மில் வரும். நெல் குவியலை மூடவும் கொட்டகைக்கு மேல் போடவும் நல்லது, குட்டைக்கு வேண்டாம். இரண்டாவது, எச்.டி.பி.இ. (அடர் பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்) இழையில் நெய்த துணிக்கு இரண்டு பக்கமும் பூச்சு ஏற்றியது. இதற்குத்தான் ஐ.எஸ். 15351 என்ற இந்தியத் தர எண் இருக்கிறது. இழுத்தால் எளிதில் கிழியாது, உங்கள் அளவுக்குத் தொழிற்சாலையிலேயே ஒட்டி ஒரே துண்டாகக் கொடுப்பார்கள். ஆனால் அதிகம் நீளாது, மேடு பள்ளத்துக்கு ஏற்ப வளைந்து உட்காராது. பூச்சு உரிந்தால் தண்ணீர் இழைவழியே பரவி, பொத்தல் எங்கே என்று தேடுவது சிரமம். மூன்றாவது, நெய்யாமல் ஒரே படலமாக வார்த்த எச்.டி.பி.இ. ஷீட். நன்றாக நீளும், தண்ணீரின் எடையில் மண்ணோடு படிந்துவிடும், பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் சுருளாக வரும், தோட்டத்துக்கே மெஷின் கொண்டுவந்து வெல்டிங் செய்யவேண்டும்.

சரளை மண்ணுக்கு நான் சொல்வது 500 மைக்ரான் வார்ப்பு ஷீட். வெல்டிங் செய்யத் தெரிந்த ஆள் மெஷினோடு வருவார் என்பது உறுதியானால் மட்டும் அதை எடுங்கள். உறுதி இல்லையென்றால், அதே எடையுள்ள நெய்த ஷீட்டை ஒரே துண்டாக வாங்குங்கள். மட்டமான வெல்டிங் போட்ட நல்ல ஷீட்டைவிட அது மேல்.

உங்கள் இரண்டு கடைக்காரர்களும் ஒரே அளவுகோலில் பேசவில்லை என்பதையும் கவனியுங்கள். மைக்ரான் கனத்தை, அதாவது தடிமனைச் சொல்வது, ஜி.எஸ்.எம். ஒரு சதுர மீட்டரின் எடையைக் கிராமில் சொல்வது. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் எச்.டி.பி.இ.யின் அடர்த்தி சுமார் 0.94. அதனால் 500 மைக்ரான் ஷீட் சதுர மீட்டருக்கு 470 கிராம் இருக்கவேண்டும். 300 ஜி.எஸ்.எம். என்றால் ஏறக்குறைய 320 மைக்ரான்தான். "ஐந்நூறு" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் எந்த ஐந்நூறு என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். சோதிப்பது சுலபம். 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் துண்டை ஒழுங்காக வெட்டி நகைக்கடைத் தராசில் வையுங்கள். 500 மைக்ரான் என்றால் 4.7 கிராம் வரவேண்டும். மூன்று, மூன்றரை கிராம் காட்டினால் வாங்காதீர்கள். நெய்த ஷீட்டில் இழை மேடாக இருப்பதால் கனம் அளக்கும் கருவி கூடுதலாகக் காட்டக்கூடும். அதனால் அந்த வகையில் எடையை மட்டும் நம்புங்கள். விலையையும் சதுர மீட்டருக்கு என்று ஒப்பிடாமல் கிலோவுக்கு என்று மாற்றி ஒப்பிட்டால், மலிவாகத் தெரிந்த ஷீட் ஏன் மலிவு என்பது புரியும்.

நிறம் கறுப்பாக இருக்கட்டும். அந்தக் கறுப்பு கார்பன் பிளாக், 2 முதல் 3 சதவீதம் கலந்திருந்தால் வெயிலைத் தாங்கும். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த ஷீட்டும் கறுப்பாகத்தான் இருக்கும், அதனால் நிறத்தை வைத்து முடிவு செய்யமுடியாது. ஒரு துண்டை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஊசிப்பொத்தல் இருந்தால் வெளிச்சம் வரும். கட்டியும் திட்டும் தெரிந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ விட்டுவிடுங்கள். மானியத்தில் போடுவதாக இருந்தால் ஷீட் வாங்குவதற்கு முன்பே தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்குப் போங்கள். எந்தக் கனம், எந்தத் தர எண், எந்த அளவு என்பதை அவர்கள் அந்தந்த ஆண்டு விதிப்படிதான் ஏற்பார்கள். வாங்கிய பில்லோடு போய் நின்றால் பலன் இருக்காது.

எத்தனை சதுர மீட்டர் என்பதையும் நீங்களே போட்டுப் பாருங்கள். 3 மீட்டர் ஆழமும் 4.5 மீட்டர் உள்வாங்கலும் இருந்தால் சரிவின் நீளம் 5.4 மீட்டர். இரண்டு பக்கச் சரிவும் அடித்தளமும் சேர்ந்து 21.8 மீட்டர். கரைமேல் படுக்கவும் ஓரத்தில் புதைக்கவும் பக்கத்துக்கு 1.75 மீட்டர், தொய்வுக்குக் கொஞ்சம். மொத்தம் 26 × 26, அதாவது 676 சதுர மீட்டர். குட்டையின் வாய் 400 சதுர மீட்டர்தானே என்று 400க்கு விலை கேட்டு வந்தவர்கள் அப்புறம் ஒட்டுப் போட அலைவதைப் பார்க்கிறோம். 500 மைக்ரானில் இதன் எடை 300 கிலோவைத் தாண்டும். ஒரே துண்டாக வந்தால் விரிக்கப் பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும்.

சரி, மண் வேலை. ஜேசிபி ஓட்டுநர்கள் இடம் மிச்சம் என்று கரையைச் செங்குத்தாக இறக்கிவிடுவார்கள். ஒன்றுக்கு ஒன்றரையைவிடச் செங்குத்தான சரிவில் ஷீட் போடாதீர்கள், மண் இளகலாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டு. செங்குத்தான கரையில் மண் உள்ளுக்குள் சரிந்து ஷீட்டுக்குப் பின்னால் பை கட்டும், அங்கேதான் முதலில் கிழியும். வெட்டிய மண்ணைக் கொட்டிக் கரையை உயர்த்தியிருந்தால், அரை அடிக்கு ஒரு அடுக்காகத் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்கியிருக்கவேண்டும். கொட்டியபடியே விட்ட கரை ஒரு மழைக்காலத்தில் அமுங்கும், ஷீட்டையும் சேர்த்து இழுக்கும். அப்படியே விட்டிருந்தால் ஒரு மழை போகட்டும், அமுங்கிய பிறகு சீர்செய்து போடுங்கள். ஒரு பருவம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. நான்கு கரையின் மேல்மட்டமும் ஒன்றாக இருக்கிறதா என்று தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாயால் பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் குட்டை அந்த மூலை உயரத்துக்குத்தான் நிறையும்.

உங்கள் பூமியில் சுக்கான் கல்லும் வெங்கச்சங்கல்லும் இருக்கும். வெங்கச்சங்கல்லின் முனை கத்திதான். அடித்தளத்திலும் சரிவிலும் கையால் பொறுக்கி எடுக்கவேண்டும், வேறு வழி கிடையாது. வெறுங்காலோடு நடந்து பாருங்கள், காலை உறுத்தும் இடமெல்லாம் ஷீட்டையும் உறுத்தும். பிறகு அடித்தளத்தில் சலித்த மண்ணோ மணலோ மூன்று நான்கு அங்குலம் பரப்பி இறுக்குங்கள். சரிவில் மணல் நிற்காது, செம்மண்ணைக் குழைத்துப் பூசி காயவிடுங்கள். வசதி இருந்தால் ஷீட்டுக்கு அடியில் 200 ஜி.எஸ்.எம். ஜியோடெக்ஸ்டைல் என்ற கெட்டியான செயற்கை இழைத் துணி போடுவது சரளை மண்ணுக்கு மிகவும் நல்லது. ஷீட்டை 500லிருந்து 750 மைக்ரானாக உயர்த்தும் பணம் கையில் இருந்தால், அந்தப் பணத்தில் 500 ஷீட்டும் இந்தத் துணியும் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

கோரையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதன் முளை ஊசி மாதிரி மெல்லிய ஷீட்டைக் குத்திக்கொண்டு வெளியே வரும், மேற்பரப்பிலும் கரை ஓரத்திலும்தான் இந்தத் தொல்லை. கிழங்கோடு தோண்டி எடுங்கள், மேல் ஒரு அடி மண்ணில்தான் பெரும்பாலும் இருக்கும். சீமைக்கருவேலம், வேம்பு போன்ற மரம் கரையை ஒட்டி இருந்தால் வேர் உள்ளே வரும். கறையான் புற்றையும் எலி வளையையும் வெட்டி எடுத்து, மண் நிரப்பி இறுக்கிவிடுங்கள். வேர், சருகு, சாணி எதுவும் அடியில் கிடக்கக் கூடாது. அவை மக்கும்போது வாயு உண்டாகி ஷீட்டை அடியிலிருந்து குமிழாகத் தூக்கும். எச்.டி.பி.இ. தண்ணீரைவிட இலேசானது, அழுத்திப் பிடிக்கத் தானாக எடை இல்லை. இதே காரணத்தால், மழைக்காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் தரைக்குக் கீழே இரண்டு மூன்று மீட்டர் வரை ஏறிவரும் இடங்களில் காலிக் குட்டையின் ஷீட் மேலே எழும்பும். டெல்டாப் பக்கத்தில் இதை நன்றாக யோசிக்கவேண்டும். உங்கள் பக்கம் பெரும்பாலும் அந்தக் கவலை இல்லை.

கரையின் விளிம்பிலிருந்து இரண்டு, இரண்டரை அடி தள்ளி, சுற்றிலும் ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு குழி எடுங்கள். ஷீட்டின் ஓரம் அதற்குள் இறங்கி அடியிலும் படுக்கவேண்டும். உள்பக்க விளிம்பு கூராக இல்லாமல் உருண்டையாக இருக்கட்டும். விரித்த அன்றைக்கே இந்தக் குழியை மூடிவிடுவது நிறைய இடங்களில் நடக்கிறது, செய்யவேண்டாம். மணல் மூட்டைகளை மட்டும் வைத்து நிறுத்துங்கள். தண்ணீர் ஏற ஏற ஷீட் உள்ளே இழுத்துக்கொண்டு மண்ணில் படியும், அதற்கு ஓரம் நகர இடம் வேண்டும். பாதிக் குட்டை நிறைந்த பிறகு, விடியற்காலையில் கல் இல்லாத மண்ணைப் போட்டுத் திமிசு போடுங்கள்.

விடியற்காலை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எச்.டி.பி.இ. வெப்பத்தில் நன்றாக நீளும், ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 0.2 மில்லிமீட்டர். 26 மீட்டர் ஷீட்டில் காலைக்கும் உச்சி வெயிலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றாலே 15 சென்டிமீட்டருக்கு மேல் வரும். மத்தியானம் இழுத்து விறைப்பாகப் புதைத்தால் இரவில் சுருங்கி, சரிவும் அடித்தளமும் சேரும் மூலையில் மண்ணை விட்டு அந்தரத்தில் நிற்கும். அங்கே தண்ணீர் அழுத்தினால் கிழியும். காலையில், காற்று கிளம்புவதற்கு முன் விரியுங்கள். எல்லா மூலையிலும் கை மடிப்பளவு தொய்வு இருக்கட்டும். சுருக்கம் தெரிந்தால் அசிங்கமாக இருக்கிறதே என்று இழுக்கவேண்டாம். ஆடி மாதக் காற்றில் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே வேண்டாம், ஆளையே தூக்கிவிடும்.

சுருள் ஷீட் என்றால் மேலிருந்து கீழாக விரித்து, இணைப்பு சரிவோடு மேலும் கீழும் போகும்படி பாருங்கள், சரிவுக்குக் குறுக்கே வரக் கூடாது. நான்கு அங்குலமாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறவேண்டும். இணைக்கும் இடம் துடைத்துக் காய்ந்திருக்கவேண்டும், தூசி இருந்தால் வெல்டிங் பிடிக்காது. இரட்டைக் கோடு போடும் மெஷின் என்றால் நடுவில் ஒரு காற்றுவழி இருக்கும். இரண்டு முனையையும் அடைத்துக் காற்று ஏற்றி ஐந்து நிமிடம் மீட்டர் இறங்காமல் நிற்கிறதா என்று உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். இதைச் செய்து காட்டாதவருக்கு மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பசை போட்டு ஒட்டுகிறேன் என்றால் விடவே வேண்டாம், எச்.டி.பி.இ.யில் பசை நிலைக்காது. ஷீட்டின் மேல் செருப்பு, பீடி, அரிவாள் மூன்றும் ஏறக் கூடாது.

ஆக, நீங்களே விரிக்கலாமா? மண் வேலை, குழி, ஒரே துண்டு ஷீட்டை விரிப்பது எல்லாம் ஆள் வைத்துச் செய்யலாம். வெல்டிங் மட்டும் கூடாது.

தண்ணீரை மெதுவாக விடுங்கள். குழாய் முனையின் கீழே ஷீட்டின் மிச்சத் துண்டை இன்னொரு அடுக்காகப் போடுங்கள். முதல் ஒரு அடி ஏறும்வரை வெறுங்காலோடு இறங்கிச் சுருக்கங்களை ஓரத்துக்குத் தள்ளிவிடலாம், அதற்கு மேல் யாரும் இறங்க வேண்டாம். வெளியே எடுக்கும் குழாய்க்காக ஷீட்டை ஓட்டை போடாதீர்கள். மோட்டார் கரைமேல் இருக்கட்டும், உறிஞ்சு குழாயை மிதவையில் கட்டி விடுங்கள். ஓடுதண்ணீர் வரும் வழியில் மண் தங்க ஒரு சின்னக் குழி, நிறைந்தால் வழிய ஒரு குழாய் இரண்டும் அவசியம். வழியும் தண்ணீர் ஷீட்டின் ஓரத்துக்கு அடியில் புகுந்தால் கரையே போய்விடும்.

இப்போது சொல்லப்போவதை ஷீட்டைவிட முக்கியமாக எடுத்துக்கொள்ளுங்கள். நனைந்த எச்.டி.பி.இ. சரிவில் யாராலும் ஏறமுடியாது. நீச்சல் தெரிந்த பெரிய ஆளுக்கும் கை பிடிக்க எதுவும் கிடைக்காது. ஷீட் போட்ட குட்டைகளில் பிள்ளைகள் விழுந்து இறந்ததும், காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து போனதும் நம் ஊர்களிலும் மகாராஷ்டிராவிலும் திரும்பத் திரும்பச் செய்தியாக வருகிறது. தண்ணீர் விடும் நாளுக்கு முன்பே சுற்றிலும் வேலி, பூட்டோடு ஒரு கதவு. நான்கு பக்கமும் கரையில் கல்தூணோ இரும்புக் குழாயோ நட்டு, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கனமான நைலான் கயிற்றை அடித்தளம் வரை தொங்கவிடுங்கள். இரண்டு பக்கம் பழைய டயர்களைக் கயிற்றில் கோத்து ஏணியாக இறக்குங்கள். காற்றடித்த லாரி டியூப் ஒன்று கயிற்றோடு எப்போதும் கரையில் இருக்கட்டும். ஆடு, நாய் விழுந்தாலும் இந்த டயர் வழியாக ஏற வாய்ப்பு உண்டு. இதற்கு ஆகும் செலவு ஷீட் விலையில் சிறு பங்குதான். இதைச் செய்ய முடியாது என்றால் குட்டைக்கு ஷீட் போடவேண்டாம் என்றே சொல்வேன்.

பராமரிப்பு அதிகம் இல்லை. கோடையிலும் ஒரு அடித் தண்ணீரை விட்டுவையுங்கள், காலியாக விட்டால் காற்று அடியில் புகுந்து தூக்கும், வெயிலும் நேராக விழும். அடியில் சேரும் வண்டலை மண்வெட்டி வைத்து அள்ளாமல், பிளாஸ்டிக் வாளியும் துடைப்பமும் வைத்துக் கலக்கி மண் பம்பில் இறைத்துவிடுங்கள். அந்த வண்டல் முருங்கைக்கு நல்ல உரம். மட்டம் திடீரென்று வேகமாகக் குறைந்து ஓர் உயரத்தில் வந்து நின்றுவிட்டால், பொத்தல் அந்த மட்டத்தில்தான் எங்கோ இருக்கிறது. சுற்றிவந்து பார்த்தால் கிடைக்கும். துடைத்துக் காயவைத்து, பொத்தலைச் சுற்றி எல்லாப் பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக வரும் துண்டை வைத்து, சூடான காற்று அடிக்கும் கருவியால் இளக்கி உருளையால் அழுத்தவேண்டும். துண்டு அதே ஷீட்டிலிருந்து எடுத்ததாக இருந்தால் நன்றாகப் பிடிக்கும். விரித்து முடித்ததும் மிச்சமாகும் ஓரங்களைக் கொட்டகை மேல் போட எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதில் நான்கைந்து மீட்டரையாவது சுருட்டி, வெயில் படாத இடத்தில், எலி கடிக்காமல் பில்லோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.